எல்லோருக்கும் ஒரே செக்யூரிட்டி பயிற்சியா, வேலைக்குத் தகுந்த மாதிரியா? உங்கள் கம்பெனியில் எப்படிப் பிரிக்கிறீர்கள்?

டர்பன்_தம்பி

எல்லோருக்கும் வணக்கம். தென்னாப்பிரிக்காவில், டர்பனுக்குத் தெற்கே புரோஸ்பெக்டன் பக்கம் ஓர் உணவுப்பொருள் விநியோகக் கம்பெனியில் ஐடி வேலை பார்க்கிறேன். ஐடி என்றால் நானும் இன்னொரு பையனும்தான். கம்பெனியில் சுமார் 340 பேர். ஆபீஸில் உட்கார்ந்து வேலை செய்பவர்கள் எழுபது பேர் இருந்தால் அதிகம், மீதி எல்லாம் குளிர்கிடங்கு, லாரி, மொத்த விற்பனை கவுண்டர், கேட், துப்புரவு.

போன வருடம் மேலிடத்திலிருந்து எல்லோருக்கும் சைபர் செக்யூரிட்டி பயிற்சி கொடுத்தாக வேண்டும் என்று உத்தரவு வந்தது. 45 நிமிட ஆங்கில வீடியோ ஒன்று, கடைசியில் பத்துக் கேள்வி. அதை வாங்கி, ஆளுக்கொரு யூசர்நேம் போட்டு, சூப்பர்வைசர்கள் மூலமாக எல்லோருக்கும் கொடுத்துவிட்டோம். இரண்டே வாரத்தில் 92 சதவீதம் பேர் முடித்துவிட்டதாக ரிப்போர்ட் வந்தது. எனக்கு நம்ப முடியவில்லை, ஏனென்றால் அவர்களில் பாதிப் பேருக்கு மேல் கம்பெனி ஈமெயிலே கிடையாது. ஒருநாள் பிரிண்டர் ரிப்பேர் என்று கிடங்கு ஆபீசுக்குப் போனபோதுதான் விஷயம் தெரிந்தது. மேசையில் ஒரு தாள், ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, இந்தப் பக்கம் பெயர், அந்தப் பக்கம் யூசர்நேம், பாஸ்வேர்டு. கம்ப்யூட்டரில் வீடியோ சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருக்கிறது, சூப்பர்வைசர் ஒரு கையால் டெலிவரி நோட்டுகளை அடுக்கிக்கொண்டே இன்னொரு கையால் ஒவ்வொருவர் பெயரிலும் உள்ளே போய்ப் பதில்களை அழுத்திக்கொண்டிருக்கிறார். அறுபது பேருடைய பாஸ்வேர்டு ஒரே தாளில். நாங்கள் பயிற்சி அனுப்புவதற்கு முன்னால் அப்படி ஒரு தாளே அங்கே கிடையாது. அவரைத் திட்டவும் எனக்கு வாய் வரவில்லை, காலை ஆறு மணிக்கு லாரி கிளம்ப வேண்டிய இடத்தில் அவர் யாரை 45 நிமிடம் உட்கார வைப்பார்?

அதற்கு அடுத்த மாதம் அக்கவுண்ட்ஸில் அடி விழுந்தது. வழக்கமாக மீன் சப்ளை பண்ணுபவரிடமிருந்து வந்த மாதிரியே ஒரு மெயில், எங்கள் பேங்க் அக்கவுண்ட் மாறிவிட்டது, இனி இந்தக் கணக்கில் போடுங்கள் என்று. லெட்டர்ஹெட், கையெழுத்து எல்லாம் சரியாக இருந்தது. அக்கவுண்ட்ஸ் அக்கா மாற்றினார், பணம் போனது, 1,86,000 ரேண்ட். திரும்பி வரவில்லை. அந்த அக்கா எங்கள் பயிற்சியில் பத்துக்குப் பத்து வாங்கியவர். பிறகு அந்த வீடியோவை நானே முழுதாக உட்கார்ந்து பார்த்தேன். பாஸ்வேர்டு எத்தனை எழுத்து இருக்க வேண்டும், லேப்டாப்பைக் காரில் வைத்துவிட்டுப் போகாதே, இப்படித்தான் போகிறது. பேங்க் விவரம் மாற்றச் சொல்லி மெயில் வந்தால் என்ன செய்வது என்று ஒரு வரி கூட இல்லை. அவரிடம் லேப்டாப்பே கிடையாது.

இப்போது, ஆட்களைப் பிரித்து ஆளுக்குத் தகுந்த பயிற்சி கொடு என்கிறார்கள். எனக்கும் அதுதான் சரி என்று படுகிறது. எப்படிப் பிரிப்பது? எச்ஆர் பட்டியலில் 23 டிபார்ட்மெண்ட் இருக்கிறது, 23 குரூப் போடவா? ஈமெயில் இல்லாதவர்களை எப்படிச் சேர்ப்பது? ஒருவர் கிடங்கிலிருந்து ஆபீசுக்கு மாறினால் யார் கவனிப்பது? பட்ஜெட் கொஞ்சம்தான். செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.


சான்ட்டன்காரன்

தம்பி, முதலில் அந்த 23 டிபார்ட்மெண்ட் பட்டியலை மூடி வைத்துவிடுங்கள். டிபார்ட்மெண்ட் என்பது சம்பளக் கணக்குக்காகப் போட்ட பிரிவு. திருடன் அதைப் பார்த்துக்கொண்டு வருவதில்லை, யார் கையில் என்ன இருக்கிறது என்று பார்த்துத்தான் வருகிறான். நீங்களும் அப்படியே பாருங்கள்.

நான் ஜோஹானஸ்பர்க்கில் ஒரு நிதி நிறுவனத்தில் இதே வேலையைச் சில வருடங்களாகச் செய்கிறேன். ஒவ்வொரு வேலைக்கும் நான் கேட்பது மூன்று கேள்விதான். இவர் பணத்தை நகர்த்த முடியுமா, அல்லது பணம் எங்கே போக வேண்டும் என்பதை மாற்ற முடியுமா? இவர் அடுத்தவருடைய சொந்த விவரத்தை, ஐடி நம்பர், சம்பளம், மருத்துவச் சான்றிதழ், முகவரி, இப்படி எதையாவது மொத்தமாகப் பார்க்க முடியுமா? இவர் சிஸ்டத்தையே மாற்ற முடியுமா, அதாவது அட்மின் பாஸ்வேர்டு இவர் கையில் இருக்கிறதா? மூன்றுக்கும் இல்லை என்றால் அவருக்கு அடிப்படைப் பயிற்சி போதும், அதையும் சுருக்கமாக வையுங்கள். ஏதாவது ஒன்றுக்கு ஆமாம் என்றால் அடிப்படையோடு அதற்கான பாடமும். ஒருவரே இரண்டு மூன்று குரூப்பில் வருவார், அதில் தப்பில்லை. உங்கள் சம்பளப் பட்டுவாடா ஆள் பணத்திலும் வருவார், சொந்த விவரத்திலும் வருவார்.

இது என் சொந்தச் சரக்கு இல்லை. அமெரிக்க அரசின் தர நிர்ணய அமைப்பான நிஸ்ட் 1998லேயே 800-16 என்று ஒரு ஆவணம் போட்டது, அதன் அடிப்படையே ஆளின் பொறுப்பைப் பார்த்துப் பயிற்சி கொடு என்பதுதான். 2003ல் வந்த 800-50ம் எல்லோருக்கும் விழிப்புணர்வு, பொறுப்பில் உள்ளவர்களுக்குத் தனிப் பயிற்சி என்று இரண்டையும் பிரித்துத்தான் பேசும். 2024ல் அதைத் திருத்தியும் வெளியிட்டிருக்கிறார்கள். இரண்டும் இலவசமாகவே கிடைக்கும்.

பேங்க் கணக்கு மாறிய விஷயத்தில் நம் நாட்டு வழக்கு ஒன்றைக் கட்டாயம் உங்கள் அக்கவுண்ட்ஸ் ஆட்களிடம் சொல்லுங்கள். 2019ல் வீடு வாங்கிய ஒரு பெண்மணி 55 லட்சம் ரேண்டை வக்கீல் நிறுவனத்தின் கணக்கு என்று நம்பிப் போட்டார். நடுவில் யாரோ மெயிலை மாற்றியிருந்தார்கள், பணம் திருடனிடம் போய்விட்டது. 2023ல் ஹை கோர்ட் வக்கீல் நிறுவனம்தான் பொறுப்பு என்றது. 2024 ஜூனில் புளூம்ஃபோன்டெய்ன் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை மாற்றிவிட்டது. கணக்கு சரிதானா என்று பணம் போடுகிறவரே விசாரித்திருக்கலாம் என்பது அதற்குச் சொன்ன காரணங்களில் ஒன்று. சப்ளையர் மெயில்தான் ஹேக் ஆனது, நாங்கள் என்ன செய்வோம் என்று நாம் கையை விரிக்க முடியாது என்பது அதிலிருந்து புரியும்.

அந்தக் குரூப்புக்குப் பாடம் என்று பார்த்தால் ஒன்றே ஒன்றுதான். கணக்கு எண் மாறினால் ஃபோன் பண்ணு. மெயிலில் உள்ள நம்பருக்குப் பண்ணாதே, பழைய ஃபைலில் உள்ள நம்பருக்குப் பண்ணு. அதைப் பத்து நிமிடம், நாலு உண்மையான மெயிலைக் காட்டிச் சொன்னால் போதும். ஆனால் பயிற்சியோடு நிறுத்தாதீர்கள், கணக்கு மாற்றத்துக்கு இரண்டாவது ஆள் கையெழுத்து வேண்டும் என்று சிஸ்டத்திலேயே பூட்டுப் போடுங்கள். களைத்துப் போன வெள்ளிக்கிழமை சாயங்காலம் எந்தப் பயிற்சியும் ஞாபகத்தில் நிற்காது.


பைன்டவுன்_அக்கா

தம்பி, நான் எச்ஆர். எங்கள் பக்கத்திலிருந்து சிலது சொல்கிறேன், ஏனென்றால் ஐடி ஆட்கள் இதை விட்டுவிட்டுப் பிறகு எங்களிடம்தான் ஓடி வருவீர்கள்.

பயிற்சி வேலை நேரத்துக்குள் இருக்க வேண்டும். வீட்டில் போய்ப் பார்த்துக்கொள் என்று சொல்லி, அதைக் கட்டாயம் என்றும் சொன்னால், அது வேலை நேரம்தான். வாரத்துக்கு 45 மணி நேரத்தைத் தாண்டினால் ஓவர்டைம், ஒன்றரை மடங்கு. கிடங்கு ஆட்களின் டேட்டாவைச் செலவழிக்கச் சொல்வது இன்னும் மோசம். மாதக் கடைசியில் டேட்டா இல்லாமல் எத்தனை பேர் ஃபோனை அணைத்து வைத்திருக்கிறார்கள் என்று உங்கள் சூப்பர்வைசரைக் கேட்டுப் பாருங்கள்.

அப்புறம் போப்பியா. தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டத்தைத்தான் சொல்கிறேன், 2013ன் 4ஆம் சட்டம், 2021 ஜூலை 1லிருந்து முழுதாக அமல். அதில் 19ஆம் பிரிவு நியாயமான பாதுகாப்பு ஏற்பாடு செய் என்கிறது. அதன் விதிமுறைகளில் தகவல் அதிகாரி கம்பெனிக்குள் விழிப்புணர்வுக் கூட்டங்கள் நடத்த வேண்டும் என்றே இருக்கிறது. அதனால் சொந்த விவரம் பார்க்கும் குரூப்பைப் பிரிக்கும்போது உங்கள் தகவல் அதிகாரி யார் என்று கண்டுபிடித்து அவரையும் கூப்பிடுங்கள். பெரும்பாலும் அது எம்டியாகவே இருப்பார், அவருக்கே அது ஞாபகம் இருக்காது. அந்தக் குரூப்பில் நீங்கள் நினைக்காத ஆட்களும் வருவார்கள். எங்கள் இடத்தில் கிளினிக் நர்ஸ், கேட்டில் வருகிறவர்களின் ஐடி நம்பரை எழுதும் செக்யூரிட்டி, வேலைக்கு விண்ணப்பம் வாங்கி அலமாரியில் வைக்கும் ரிசெப்ஷன் பெண், மூவருமே எந்தப் பட்டியலிலும் இல்லை. கேட்டில் இருக்கிற அந்த நோட்டுப் புத்தகத்தை ஒருநாள் புரட்டிப் பாருங்கள், முந்தின ஆளின் பெயர், ஐடி நம்பர், ஃபோன் நம்பர், கார் நம்பர் எல்லாம் அடுத்து வருகிறவர் கண் முன்னாலேயே திறந்து கிடக்கும்.

இன்னொன்று, வருகைப் பதிவேட்டில் கையெழுத்து வாங்குங்கள், குரூப் வாரியாக, தேதியோடு, எத்தனை நிமிடம் என்பதோடு. வருடா வருடம் ஏப்ரல் 30க்குள் சீட்டாவுக்கு, அதாவது நம் தொழில்துறைக்கான பயிற்சி ஆணையத்துக்கு, அனுப்பும் பயிற்சி அறிக்கையில் இதையும் காட்டலாம். சம்பளத் தொகையில் 1 சதவீதம் திறன் வரி ஏற்கெனவே கட்டிக்கொண்டுதான் இருக்கிறீர்கள், அறிக்கை ஒழுங்காகப் போனால் அதில் 20 சதவீதம் திரும்ப வரும். பட்ஜெட் இல்லை என்றீர்களே, உங்கள் எச்ஆரிடம் இதைப் பேசிப் பாருங்கள்.

தயவு செய்து, சோதனைக்காகக் கம்பெனியே அனுப்பும் போலி ஃபிஷிங் (ஏமாற்று) மெயிலில் மாட்டிக்கொண்டவர்களுக்கு எச்சரிக்கைக் கடிதம் கொடுக்காதீர்கள். எனக்குத் தெரிந்த ஓர் இடத்தில் கொடுத்தார்கள், பெயர் வேண்டாம். அதற்குப் பிறகு உண்மையாகவே தப்பான லிங்க்கை அழுத்திய ஒருவர் பயந்துபோய் மூன்று நாள் வாயே திறக்கவில்லை. அந்த மூன்று நாளில் நடந்ததுதான் பெரிய சேதம்.


சாட்ஸ்வொர்த்_அங்கிள்

நான் கிடங்கில் 31 வருடம் வேலை செய்தவன், இப்போது ஷிஃப்ட் மேனேஜர். தமிழ் கோவில் வகுப்பில் படித்தது. கம்ப்யூட்டர் குரூப் பற்றி எனக்குத் தெரியாது, தரையில் நிற்கிறவர்களைப் பற்றிச் சொல்கிறேன்.

அந்த சூப்பர்வைசர் செய்ததைப் படித்தபோது எனக்கு அதிர்ச்சி வரவில்லை தம்பி, நானும் செய்திருப்பேன். ஆபீஸில் எழுதி அனுப்புகிறவர்களுக்கு எங்கள் காலை எப்படிப் போகிறது என்று தெரியாது. நாலரைக்கு முதல் ஆட்கள் வருவார்கள், ஜாக்கெட் மாட்டிக்கொண்டு ஃப்ரீசருக்குள் போவார்கள், அங்கே மைனஸ் 18. வெளியே வந்தால் கை விறைத்திருக்கும். அந்தக் கையால் மவுஸ் பிடித்துப் பத்துக் கேள்விக்குப் பதில் சொல் என்றால் எப்படி?

எங்களிடம் ஏற்கெனவே ஒரு வழி இருக்கிறது. டூல்பாக்ஸ் டாக். ஃபோர்க்லிஃப்ட் விபத்து, வழுக்கல், பூட்ஸ் என்று வாரம் ஒருநாள் பத்து நிமிடம் நின்றபடியே பேசுவோம், கையெழுத்து வாங்குவோம். அதில் மாதம் ஒரு தடவை உங்கள் விஷயத்தை வையுங்கள். ஜூலு மொழியில் பேசுங்கள். நீங்கள் பேசாதீர்கள், எங்களில் ஒருவரைப் பேச விடுங்கள். எங்கள் ஃபோர்மேன் பேசினால் கேட்பார்கள், ஐடி ஆள் வந்து ஆங்கிலத்தில் பேசினால் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார்கள்.

என்ன பேசுவது என்றால், அவர்கள் வாழ்க்கையில் நடப்பதைப் பேசுங்கள். சிம் ஸ்வாப், அதாவது திருடன் உன் நம்பரைத் தன் சிம்முக்கு மாற்றிக்கொள்வது. காலையில் ஃபோனில் சிக்னல் இல்லை, சாயங்காலம் பேங்கில் பணம் இல்லை. எங்கள் ஷிஃப்டில் இரண்டு பேருக்கு நடந்திருக்கிறது. அதை முதலில் சொல்லுங்கள், அப்போது காது கொடுப்பார்கள். அதற்குப் பிறகு கம்பெனி விஷயம். தெரியாத ஆள் டிஸ்பாட்ச் வாசலில் நின்றால் யாரைப் பார்க்க வந்தீர்கள் என்று கேள். கீழே கிடக்கும் யூஎஸ்பியைக் கம்ப்யூட்டரில் செருகாதே. ஸ்கேனரை அடுத்தவர் பெயரில் திறக்காதே. அவ்வளவு போதும்.

லாரி ஓட்டுநர்களைக் கிடங்கோடு சேர்க்காதீர்கள். அவர்கள் வேலை வேறு. டெலிவரி நோட்டைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார்கள், அதில் வாடிக்கையாளர் பெயர், முகவரி, எவ்வளவு சரக்கு, எந்த லாரி, எத்தனை மணி, எல்லாம் இருக்கும். அந்த குரூப்பில் வேலையை விட்டுப் போனவர்களும் இன்னும் இருப்பார்கள். சரக்குக் கொள்ளை நடக்கும் இந்த ஊரில் அது சின்ன விஷயம் இல்லை. அவர்களுக்குச் சைபர் என்று சொல்லாதீர்கள், உன் உயிர் என்று சொல்லுங்கள்.

2021 ஜூலை ஞாபகம் இருக்கிறதா? கலவரம் ஓய்ந்து இரண்டு வாரம் கூட ஆகவில்லை, துறைமுகங்களை நடத்தும் அரசு நிறுவனமான ட்ரான்ஸ்நெட்டின் கம்ப்யூட்டர்கள் தாக்கப்பட்டு டர்பன் கன்டெய்னர் டெர்மினல் முடங்கியது. எங்கள் ரீஃபர் பெட்டிகள் (குளிர் கன்டெய்னர்கள்) உள்ளே, லாரிகள் வெளியே. ஓட்டுநர்கள் சாப்பாடு இல்லாமல் லாரியிலேயே தூங்கினார்கள். அதை ஒரு தடவை ஞாபகப்படுத்தினால் போதும், எங்கோ ஒரு கம்ப்யூட்டர் கெட்டால் உனக்கென்ன என்று யாரும் கேட்க மாட்டார்கள்.


கேப்டவுன்_பயிற்சி

எந்த டூல் வைத்துச் செய்வது என்று நான் சொல்கிறேன். ஆபீஸ் ஆட்கள் எழுபது பேருக்கு மூடில் (Moodle) என்ற பயிற்சி மென்பொருள் போதும், மென்பொருளுக்குக் காசு இல்லை, ஒரு சின்ன சர்வர் இருந்தால் ஓடும். அதில் கோஹார்ட் என்று ஒன்று இருக்கிறது, அதுதான் உங்கள் குரூப். அடிப்படை, பணம், சொந்த விவரம், அட்மின் என்று நாலு கோஹார்ட் போட்டு ஒவ்வொன்றையும் அதன் பாடத்தோடு கோஹார்ட் சிங்க் மூலமாக இணைத்துவிட்டால், ஆளைக் கோஹார்ட்டில் சேர்த்ததும் பாடம் தானாக அவர் பக்கத்தில் வந்துவிடும், எடுத்துவிட்டால் போய்விடும். ஒவ்வொருவரையும் ஒவ்வொரு பாடத்தில் கையால் சேர்க்கும் வேலையை மட்டும் ஆரம்பிக்காதீர்கள், மூன்றாவது மாதத்தில் கைவிட்டுவிடுவீர்கள்.

மைக்ரோசாஃப்ட் 365 வைத்திருந்தால் அதன் யூசர் கணக்குகளை நிர்வகிக்கும் என்ட்ராவில் டைனமிக் குரூப் போடலாம், பதவிப் பெயர் மாறினால் குரூப்பும் தானாக மாறும், ஆனால் அதற்கு பி1 லைசென்ஸ் வேண்டும். அதைவிட முக்கியம், பதவிப் பெயர் சுத்தமாக இருக்க வேண்டும். ஒரே வேலைக்கு 'கிரெடிட்டர்ஸ் கிளார்க்', 'கிரெட். கிளர்க்', 'அக்கவுண்ட்ஸ் 2' என்று மூன்று பெயர் இருந்தால் எந்த டைனமிக் குரூப்பும் வேலை செய்யாது. நான் முதலில் இரண்டு வாரம் செலவழித்தது எச்ஆர் பட்டியலைச் சுத்தம் செய்யத்தான், பாடம் எழுத இல்லை.

ஆள் மாறுவதைப் பற்றி. சேர்கிறவர்களை எல்லோரும் கவனிப்பார்கள், மாறுகிறவர்களைத்தான் விட்டுவிடுவார்கள். கிடங்கிலிருந்து கிரெடிட்டர்ஸுக்கு, அதாவது சப்ளையர்களுக்குப் பணம் கொடுக்கும் பிரிவுக்கு, மாறினவர் முதல் நாளே பேங்க் விவரம் மாற்றும் அதிகாரத்தோடு உட்காருவார், பணப் பாடம் அடுத்த வருடம்தான் வரும். நாங்கள் இப்போது தலைகீழாக வைத்திருக்கிறோம். அந்தப் பத்து நிமிடப் பாடத்தை முடித்தால்தான் கிரெடிட்டர்ஸ் சிஸ்டத்தில் லாகின் திறக்கும். பாடம் சின்னதாக இருந்தால்தான் இது நடக்கும், 45 நிமிடம் என்றால் மேனேஜரே வந்து திறந்துவிடு என்பார்.

மொத்த விற்பனை கவுண்டரில் கார்டு மெஷின் இருக்கிறது அல்லவா, அந்தக் காசாளர்களைத் தனியாக வையுங்கள். கார்டு கம்பெனிகளின் பிசிஐ விதியே, மெஷினை யாராவது மாற்றி வைத்தார்களா, ஏதாவது ஒட்டினார்களா என்று பார்க்க அங்கே வேலை செய்பவர்களுக்குப் பயிற்சி கொடுக்க வேண்டும் என்கிறது. இதைத் திரையில் சொல்லிக் கொடுக்க முடியாது. மெஷினைக் கையில் கொடுத்து, திருப்பி, அடியில் உள்ள சீரியல் நம்பரைப் படிக்கச் சொல்லுங்கள். ரிப்பேர் ஆள் என்று யாராவது வந்தால் மெஷினைக் கொடுக்காமல் யாருக்கு ஃபோன் பண்ண வேண்டும் என்று கவுண்டரிலேயே எழுதி ஒட்டுங்கள்.


மாரிட்ஸ்பர்க்_வாசி

எல்லோரும் பிரி பிரி என்கிறீர்கள், நான் கொஞ்சம் மாற்றுக் கருத்து சொல்கிறேன். எங்கள் கம்பெனியில் 14 குரூப் போட்டோம். முதல் வருடம் அழகாக இருந்தது. இரண்டாம் வருடம் பார்த்தால் பாதிப் பேர் தப்பான குரூப்பில், போய்விட்ட மேனேஜரின் பெயரில் மூன்று குரூப் அனாதையாக, ஒருவருக்கு ஏழு பாடம், இன்னொருவருக்கு ஒன்றுமே இல்லை. அந்த ஒன்றுமே இல்லாதவர் சம்பள ஃபைல் வைத்திருக்கிறவர். ஒரே பாடம் எல்லோருக்கும் என்றிருந்த காலத்தில் குறைந்தபட்சம் அவருக்கும் அது போய்ச் சேர்ந்திருக்கும். 340 பேருக்கு ஐந்து குரூப்பைத் தாண்டாதீர்கள், ஒவ்வொரு குரூப்புக்கும் பெயர் சொல்லி ஒரு பொறுப்பாளர் இருக்கட்டும். பொறுப்பாளர் கிடைக்காத குரூப்பை ஆரம்பிக்கவே வேண்டாம்.

டைரக்டர்களை எந்தக் குரூப்பில் வைக்கப் போகிறீர்கள் என்று இதுவரை யாரும் பேசவில்லை. எங்கள் இடத்தில் அவர்களுக்கு நேரமில்லை என்று விலக்கு வாங்கிக்கொண்டார்கள். அவர்கள் பெயரில்தான் போலி மெயில் வருகிறது, அவர்கள் அவசரம் என்று சொன்னால்தான் அக்கவுண்ட்ஸில் கேள்வி கேட்காமல் பணம் போடுகிறார்கள். அவர்களுடைய செக்ரட்டரியையும் சேருங்கள், டைரக்டரின் மெயில்பாக்ஸைத் திறக்கிறவர் அவர்தான். டைரக்டர்களுக்கு வீடியோ அனுப்பாதீர்கள். கணக்கு எண்ணைச் சரிபார்க்க அக்கவுண்ட்ஸ் பெண் உங்களுக்கு ஃபோன் செய்தால் கோபப்படாமல் நன்றி சொல்லுங்கள் என்று நேரில் உட்கார்ந்து சொல்லுங்கள். அது ஒன்று நடந்தாலே பாதி வேலை முடிந்தது.

அப்புறம் தம்பி, நீங்களும் அந்தப் பையனும் எந்தக் குரூப்? நீதித்துறை அமைச்சகத்தில் 2021 செப்டம்பரில் தாக்குதல் நடந்தது. ஆன்டிவைரஸ் உட்பட லைசென்ஸ்களைப் புதுப்பிக்காமல் விட்டிருந்ததைத் தகவல் ஒழுங்காற்று ஆணையம் கண்டுபிடித்தது. புதுப்பித்ததற்கு ஆதாரம் காட்டச் சொல்லியும் காட்டாததால் 2023 ஜூலையில் 50 லட்சம் ரேண்ட் அபராதம். அந்தத் தவறு ரிசெப்ஷனிலோ கிடங்கிலோ நடந்ததில்லை. அட்மின் குரூப்பின் பாடத்தை யாராவது வெளியாளை வைத்து எழுதச் சொல்லுங்கள், நமக்கு நாமே பாடம் எழுதினால் தெரிந்ததைத்தான் எழுதுவோம்.


டர்பன்_தம்பி

எல்லோருக்கும் நன்றி. இதைப் பிரிண்ட் எடுத்து வைத்து நாலு நாள் யோசித்தேன்.

ஐந்து குரூப் என்று முடிவு செய்திருக்கிறேன். எல்லோருக்கும் அடிப்படை, அதற்கு மேல் பணம், சொந்த விவரம், கார்டு மெஷின், அட்மின். ஓட்டுநர்களுக்குக் குரூப் தனியாகப் போடவில்லை, ஆனால் அடிப்படைப் பேச்சு அவர்களுக்கு லாரி யார்டில் தனியாக நடக்கும், அங்கிள் சொன்ன மாதிரி டெலிவரி நோட்டை வைத்து. டெலிவரி வாட்ஸ்அப் குரூப்பைத் திறந்து பார்த்தேன். 94 பேர் இருக்கிறார்கள், எங்கள் ஓட்டுநர்களும் டிஸ்பாட்சும் சேர்ந்தாலே 66தான். மீதி 28 பேரை இன்று காலைதான் நீக்கினோம். அதில் ஒருவர் போன வருடம் திருட்டுக்காக வெளியே அனுப்பப்பட்டவர்.

கிடங்கு சூப்பர்வைசரிடம் உட்கார்ந்து பேசினேன். அந்தத் தாளை அவரே எடுத்துக் கொடுத்தார், இரண்டு பேரும் சேர்ந்து ஷ்ரெட்டரில் போட்டோம், எல்லா பாஸ்வேர்டையும் மாற்றிவிட்டேன். அடிப்படைப் பேச்சுக்கு இனி கம்ப்யூட்டரே கிடையாது, கையெழுத்து மட்டும் போதும் என்றதும் அவர் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது. முதல் பேச்சை ஜூலுவில் அவருடைய ஃபோர்மேனே பேசப் போகிறார், சிம் ஸ்வாப்பில் ஆரம்பிக்கிறார்.

டைரக்டர்களுக்கு அரை மணி நேரம் கேட்டேன், பதினைந்து நிமிடம் கிடைத்திருக்கிறது.

ஒரே ஒரு கேள்வி. பணக் குரூப்பின் பாடத்தில் எங்களுக்கு நடந்ததையே சொல்லலாம் என்று இருக்கிறேன். அந்த அக்கவுண்ட்ஸ் அக்காவிடம் கேட்டபோது, நானே பேசுகிறேன், எனக்கு நடந்தது இன்னொருத்திக்கு நடக்க வேண்டாம் என்றார். அந்தச் சம்பவத்துக்குப் பிறகு ரொம்ப நாள் யாரிடமும் நிமிர்ந்து பேசாமல் இருந்தவர். அவரைப் பேச விடுவது சரியா?


பைன்டவுன்_அக்கா

அவர் மனதார முன்வந்தால் கட்டாயம் பேச விடுங்கள் தம்பி. ஆனால் முந்தின நாள் இன்னொரு தடவை தனியாகக் கேளுங்கள், அன்றைக்கு மனம் மாறினால் விட்டுவிடுங்கள், ஏன் என்று கேட்காதீர்கள். அவருடைய பெயரோ, அந்த மெயிலில் அவர் எழுதிய பதிலோ திரையில் வரக்கூடாது. வீடியோ எடுக்காதீர்கள், அடுத்த வருடம் அவர் வேறு வேலைக்குப் போயிருந்தாலும் அது உங்கள் சர்வரில் ஓடிக்கொண்டே இருக்கும். அவர் பேசும்போது ஃபைனான்ஸ் மேனேஜர் முதல் வரிசையில் உட்காரட்டும். அவர் பேசி முடித்ததும், அந்த மாற்றத்துக்கு இரண்டாவது கையெழுத்து கேட்காதது என் தவறு என்று அந்த மேனேஜர் எல்லோர் முன்னாலும் சொல்ல வேண்டும். அதற்கு மேனேஜர் ஒத்துக்கொள்கிறாரா என்று முதலில் கேட்டுவிட்டு, அப்புறம் தேதியைக் குறியுங்கள்.